வெல்டாவின் கட்டைவிரல்

வெல்டா கிரச்சருக்கு நாற்பத்தாறு வயதாகும்வரை அவள் கிதார் வாசிப்பதை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. வாரம் தவறாமல் வாசித்தவள்தான். டென்னசி மாநிலத்து ஹிக்கரி பெண்டில் எங்கள் பெந்தெகொஸ்தே சபையின் மேடையில், பியானோவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் இருந்த மர நாற்காலி அவளுடையது. ஆனால் ஆராதனை சூடு பிடித்துவிட்டால் எங்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக் கையைத் தூக்கியிருப்போம், மீதிப் பேர் அழுதுகொண்டிருப்போம். கிதார் எங்கிருந்தோ வரும். அது யாருடைய விரலிலிருந்து வருகிறது என்று எட்டிப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

சபையின் பாஸ்டர் ஹார்லன் அவளுடைய அண்ணன், எட்டு வயது மூத்தவர். சபைக்குள் அவரை ‘பாஸ்டர்’ என்பாள், அவரும் ‘சிஸ்டர் வெல்டா’ என்பார். வாசலைத் தாண்டினால் வெறும் ஹார்லன், வெறும் வெல்டா. அவர்களுடைய அப்பாவும் பாஸ்டராக இருந்தவர். அந்த வீட்டில் ஞானப்பாட்டு தவிர வேறு பாட்டு கேட்டதில்லை. ஆனால் ஞானப்பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் வாசித்தால் என்ன ஆகும் என்பதை வெல்டா சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அப்பா வயலுக்குப் போன நேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். அதற்கு ராக்கபில்லி என்று ஒரு பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் டிராக்டர் கொட்டகை ரேடியோவில் ஒருநாள் அதைக் கேட்டபோது, யாரோ தன்னைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம்.

கல்யாணத்துக்குப் பிறகு கதவைச் சாத்த வேண்டியிருக்கவில்லை. கணவன் டாயல் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஹீட்டர், ஏசி மாட்டுபவன். வெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, அடுப்பில் பீன்ஸ் வேகிற நேரத்தில் வாசிப்பாள். டாயல் சோள ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்பான். இருபது வருஷத்துக்கும் மேலாக அவளுக்கு அந்த ஒரே ஒரு ரசிகன்.

எங்கள் சபைக்காரர்கள் வீட்டில் டெலிவிஷன் வைப்பதில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி ஹார்லனின் அப்பா காலத்தில் யாரும் எதுவும் சொல்லி வைக்காததால், அது பக்கவாசல் வழியாக எல்லார் வீட்டிலும் நுழைந்துவிட்டது. டாயல் கணக்கு வழக்குக்காக ஒன்று வாங்கியிருந்தான். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அக்டோபரில், பருத்தி எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அதில் ஒரு வீடியோவை அவளுக்குக் காட்டினான். பின்லாந்து நாட்டுக்காரர் ஒருவர், தலைமுடியை எண்ணெய் வைத்துத் தூக்கி வாரிக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ராக்கபில்லி வாசித்தார். ஆயிரக்கணக்கில் ஆட்கள் பார்த்துப் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

வெல்டா குனிந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் வாசிக்கிறாரு” என்றாள். “ஆனா கட்டைவிரல் தூங்குது.”

“என்ன தூங்குது?”

“கட்டைவிரலு. தடிச்ச தந்தியில அது பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருக்கணும் டாயல். மத்த விரலெல்லாம் மேல ஆடலாம், பாடலாம், சண்டை போடலாம். அது மட்டும் நிக்கக் கூடாது. இந்த மனுசன் ஆடுறப்ப நடக்க மறந்துடுறாரு.”

“இதை எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? பின்லாந்துல கேக்கவா போகுது? நீ ஒண்ணு எடுத்துப் போடு.”

அவள் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் மறுநாளும் அந்த வீடியோவைப் பார்த்தாள். வேறு பலரையும் பார்த்தாள். ஜப்பானில் ஒருவர், ஸ்வீடனில் இரண்டு அண்ணன் தம்பிகள், பிரான்ஸில் ஒரு பல்டாக்டர். எல்லாரும் வாசித்தது அவளுடைய ஊரைச் சுற்றிப் பிறந்த சங்கீதத்தை. வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள்:

“கழுத்துக்குக் கீழ மட்டும் எடுக்க முடியுமா?”

“ஏன், மேல என்ன கொறச்சல்?”

“பாஸ்டர் தங்கச்சி சபைக்கு ஆகாத உலகப் பாட்டு வாசிக்கிறான்னு ஹார்லனுக்குப் பேச்சு வரக் கூடாது.”

டாயலுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் சரி என்றான்.

வீடுகளின் அடித்தளத்தில் புகுந்து குழாய்களைப் படம் பிடிக்க அவனிடம் ஒரு சின்ன கேமரா இருந்தது. அது வீடியோவும் எடுக்கும். சனிக்கிழமை மத்தியானம் அதைக் கூடத்தில் ஏணிமேல் வைத்துக் கட்டினான். வெல்டா சோபாவில் உட்கார்ந்தாள். ஜாக்சன் நகரத்தில் ஒரு அடகுக் கடையில் வாங்கிய, வயிறு கூடான மின்கிதார். கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் நகம். கணுக்கால்வரை ஜீன்ஸ் பாவாடை. கத்தரியே படாத கூந்தலைப் பின்னிப் பின்பக்கம் தள்ளிவிட்டிருந்தாள்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுடைய கை பிடித்துக்கொண்டது.

எதிரில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர்களுக்கு வாசித்துப் பழகியவள். இந்தக் கண் சிமிட்டவே இல்லை. எப்படியோ ஒரு பாட்டை வாசித்து முடித்தாள்.

டாயல் மெதுவாகக் கேட்டான்: “யாரு செத்துப்போனா?”

“வாயை மூடு.”

இரண்டாவது தடவை நடுவில் போன் அடித்தது. மூன்றாவது தடவை பருத்திப் பொதி ஏற்றிய லாரி வாசலில் போய் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நாலாவதை அவளே நிறுத்தினாள். இந்தக் கம்பளத்திலும் திரைச்சீலையிலும் சத்தம் விழுந்து செத்துப்போகிறது என்றாள். ரெக்கார்டுகளில் அது அப்படி இருக்காது, ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் அதன் தம்பி ஓடி வருவதுபோல் ஒரு எதிரொலி கேட்கும் என்றாள். அதற்கென்று பெட்டி இருக்கிறது, ஆனால் அவளிடம் இல்லை.

டாயல் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். பிறகு கிதாரின் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறைக்கு நடந்தான். அங்கே ஏதோ ஒரு கிடங்கு வேலைக்காக வாங்கிய தகரக் காற்றுக்குழாய், பட்டறையின் நீளத்துக்குக் கிடந்தது. ஒரு ஆள் தலையை நுழைக்கலாம், அவ்வளவு அகலம். அதன் வாய்க்கு நேராக ஆம்ப்ளிஃபயரை வைத்தான். வெல்டா கிதாரோடு வந்தாள், ஏணியும் கேமராவும் பின்னாலேயே வந்தன.

“தட்டிப் பாரு கண்ணு.”

அவள் ஒரு தந்தியைத் தட்டினாள். சத்தம் குழாய்க்குள் போய் மறுமுனையில் முட்டித் திரும்பி வந்தது. அண்ணன் பின்னால் தம்பி. வெல்டா நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

“ஏசி மாட்டுறவனைக் கட்டிக்கிட்டதுக்கு இன்னைக்குத்தான் பலன் கிடைச்சிருக்கு” என்றாள்.

சத்தம் சரியாகிவிட்டது. கைதான் இன்னும் சரியாகவில்லை. விளக்கு எரிந்தவுடன் விரல்கள் ஞாயிற்றுக்கிழமை மரியாதைக்குப் போய்விட்டன. இரண்டு முறை எடுத்தார்கள், இரண்டும் சவ அடக்க ஆராதனைபோல இருந்தது. பக்கத்து வயலில் பருத்தி எடுக்கும் இயந்திரம் ஓய்ந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. டாயல் கேமராவைக் கழற்றுவதுபோல் ஏணியில் கை வைத்தான்.

“விடு வெல்டா. எல்லாருக்கும் எல்லாம் வருமா? அந்தப் பின்லாந்துக்காரரே போதும் உலகத்துக்கு. கட்டைவிரல் கொஞ்சம் தூங்கினா தூங்கிட்டுப் போகுது.”

“கையை எடு” என்றாள் வெல்டா.

“இல்ல, நான் சும்மா...”

“கேமராவுலேருந்து கையை எடுத்துட்டுத் தள்ளி நில்லு டாயல்.”

அந்தக் கோபத்திலேயே ஆரம்பித்தாள். சபையில் காணிக்கை எடுக்கும்போது வாசிக்கிற மெட்டு ஒன்று, அவளே கட்டியது. அதை வாலில் தீ வைத்ததுபோல் ஓடவிட்டாள். கட்டைவிரல் தடித்த தந்திகளில் மாறி மாறி நடந்தது, நிற்கவே இல்லை. மற்ற விரல்கள் மேலே ஏறிச் சண்டை போட்டன, சமாதானமாயின, மறுபடி சண்டை போட்டன. குழாய் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது. பாவாடைக்குக் கீழே அவளுடைய குதிகால் சிமெண்டுத் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் விரல் தவறி வேறு தந்தியில் விழுந்தது. அவள் அதையே இரண்டாம் முறையும் வேண்டுமென்று செய்து, அதுதான் பாட்டு என்று ஆக்கிவிட்டாள். முடித்தபோது மூச்சு வாங்கியது. டாயல் “அம்மாடி” என்று சொன்னது வீடியோவில் விழுந்திருக்கிறது.

திரையில் பார்த்தபோது அவள் முகத்தை அதன் கிட்டே கொண்டுபோனாள். தன் கையைத் தானே அவள் அப்படிப் பார்த்ததில்லை.

“இது நானா?”

“நான் தெனமும் பாக்குறதுதானே” என்றான் டாயல்.

‘டென்னசிப் பெண்ணின் ராக்கபில்லி கிதார்’ என்று மட்டும் எழுதி வலையில் ஏற்றினார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை.

அடுத்த சில நாட்களில் அதற்கடியில் ஆட்கள் எழுதத் தொடங்கினார்கள். அந்தக் கட்டைவிரலுக்கு யாராவது தனிச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். பாவாடை கட்டிய இந்த அம்மா யார் என்று இன்னொருவர். வெல்டா பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசிக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாது என்பதில் ஒரு சுகம் இருந்தது. யாருக்கும் தெரியவில்லையே என்பதில் ஒரு சின்ன வருத்தமும் இருந்தது.

இரண்டும் நீடிக்கவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து, கிதாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது பிரதர் லீமன் பக்கத்தில் வந்து நின்றார். டயர்கடை வைத்திருப்பவர், அறுபது தாண்டியவர், சபையின் டிரம்ஸ் அவர் கையில்தான்.

“சிஸ்டர், ஒரு விசயம். என் மச்சான் ஒருத்தரு கம்ப்யூட்டர்ல என்னவோ பாத்தாராம்.”

“என்னத்தை?”

“கிதாரு. ஒரு அம்மா வாசிக்கிறாங்களாம். மூஞ்சி இல்லையாம்.” அவர் குரலைத் தணித்தார். “முப்பது வருசமா அந்தக் கட்டைவிரல் பின்னாடிதான் நான் குச்சியைத் தட்டிக்கிட்டிருக்கேன். தூக்கத்துல கேட்டாலும் எனக்குத் தெரியும். என் மச்சானுக்குத் தெரியும்னு சொல்ல வந்தேன்.”

வெல்டாவின் காது சூடாயிற்று. “உங்க மச்சான் என்ன சொன்னாரு?”

லீமன் சுற்றும்முற்றும் பார்த்தார். “ரொம்ப நல்லாருக்குன்னாரு” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

லீமனுக்கு மச்சானே கிடையாது என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். அவர் காதுக்கு எட்டிய விஷயம் மற்றவர்கள் காதுக்கு எட்ட எவ்வளவு நாழியாகும்? வெள்ளிக்கிழமைக்குள் பாதிச் சபை பார்த்துவிட்டது. பார்த்தவர்கள் யாரும் பார்த்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. சிஸ்டர் ஒலீட்டா மட்டும் நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். ஹார்லனின் அப்பா காலத்திலிருந்து முதல் வரிசையில் உட்காருகிறவர். அவர் பொல்லாதவர் இல்லை. வீட்டுக்காரரைக் குடியில் பறிகொடுத்தவர். நெடுஞ்சாலையோர பார்களில் இந்தப் பாட்டு ஒலிக்க, வாசலில் கார்க்குள் குழந்தையோடு அவர் காத்திருந்த ராத்திரிகள் உண்டு. அந்தத் தாளம் கேட்டாலே மறுபடி அந்தக் கார்க்குள் போய்விடுகிறேன் என்றார். அதை வாசிக்கிற கை ஞாயிற்றுக்கிழமை மேடையில் இருக்கலாமா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை ஹார்லன் போன் செய்தார்.

“சிஸ்டர் வெல்டா” என்று ஆரம்பித்தார். வீட்டுக்குப் போன் செய்து அவர் அப்படிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவளுக்கு மேற்கொண்டு கேட்கவேண்டியிருக்கவில்லை.

“நாளைக்கு மேடையில உக்கார வேண்டாம். சபை கூடிப் பேசறவரைக்கும்.”

“நீ அதைப் பாத்தியா?”

“பாக்கலை. பாத்துட்டுச் சொன்னா, தங்கச்சிக்காகச் சொல்றேன்னு ஆயிரும்.”

“பாக்காம சொன்னா மட்டும் என்ன ஆகும் ஹார்லன்?”

“வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லு” என்று வைத்துவிட்டார். அந்த வீட்டில் இருந்தது அவளும் டாயலும் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நடு வரிசையில் டாயல் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்தாள், பிறகு தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மேடையில் மர நாற்காலி அப்படியே இருந்தது, யாரும் எடுத்துப் போடவில்லை. முதல் பாட்டு ஆரம்பித்தது. பியானோ வாசிக்கும் பெண் ஒரு பக்கம் போனாள், லீமன் இன்னொரு பக்கம் போனார், நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். சேற்றில் வண்டி தள்ளுவதுபோல ஒவ்வொரு சரணமாகத் தள்ளி முடித்தோம். வெல்டா தலை நிமிரவில்லை. அவளுக்கு அதில் சந்தோஷம் எதுவும் இருக்கவில்லை. தன் வீட்டு அடுப்பை வேறு யாரோ ஊதி ஊதி அணைப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று டாயலிடம் சொன்னாளாம்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஹார்லன் அவர்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றார்.

“காட்டு” என்றார்.

டாயல் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஹார்லன் முழுவதையும் அசையாமல் பார்த்தார். டாயலின் “அம்மாடி” வந்தபோது மட்டும் அவன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி திரையைப் பார்த்தார்.

“இன்னொரு தடவை போடு.”

இன்னொரு தடவை ஓடியது. வெல்டா சிங்க் ஓரமாக நின்றுகொண்டு ஏற்கெனவே காய்ந்திருந்த தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“காணிக்கைப் பாட்டு” என்றார் ஹார்லன்.

“ஆமா.”

“கொஞ்சம் வேகமா.”

“கொஞ்சம்.”

அவர் தொப்பியை மேஜைமேல் வைத்தார். “மூஞ்சி எங்க வெல்டா?”

“என்ன?”

“பாட்டைப் பத்தி ஒலீட்டா ஒண்ணு சொல்வாங்க, லீமன் ஒண்ணு சொல்வாரு. அதை நான் பேசிக்கிறேன். எனக்குப் புரியாதது இதுதான். தப்புன்னு நெனச்சா நீ இதைச் செஞ்சிருக்கக் கூடாது. தப்பு இல்லேன்னா மூஞ்சியை மறைச்சிருக்கக் கூடாது. திருடன்தான் கையை மட்டும் உள்ள விடுவான்.”

வெல்டா தட்டை வைத்தாள். “உனக்காகத்தான் மறைச்சேன். பாஸ்டர் தங்கச்சின்னு உன்னைப் பேசுவாங்கன்னு.”

“நான் கேட்டேனா?”

“கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்ப.”

“சொல்லியிருப்பேன்” என்று ஹார்லன் ஒப்புக்கொண்டார். “அப்புறம் நீ எங்கூடச் சண்டை போட்டிருப்ப. அது நேர்மை. இப்ப என்னாச்சு? என் தங்கச்சி என்ன பண்றான்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியலை.”

அவர் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. அது அவளுக்கும் புரிந்தது. டாயல் நைசாக எழுந்து, ஃபிரிட்ஜிலிருந்து இனிப்புத் தேநீர் எடுத்து மூன்று டம்ளரில் ஊற்றினான். மூவரும் குடித்தார்கள். போகும்போது ஹார்லன் மேடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு சபை கூடும், தான் ஓட்டுப் போடப்போவதில்லை என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தவுடன் வெல்டா நேராகப் பட்டறைக்குப் போனாள். டாயல் இன்னும் வந்திருக்கவில்லை. ஏணியைத் தானே நகர்த்தி, கேமராவை உயர்த்திக் கட்டினாள். படச்சட்டத்துக்குள் தலை வருகிறதா என்று ஓடிப்போய் உட்கார்ந்து, ஓடிவந்து பார்த்து, மறுபடி ஓடிப்போய் உட்கார்ந்தாள். சமையலறை வலைத்தொப்பியைக் கழற்ற மறந்திருந்தது பாதியில்தான் தெரிந்தது. கழற்றிவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள்.

வாசிப்பதைவிடப் பேசுவது கஷ்டமாக இருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“என் பேரு வெல்டா கிரச்சர். டென்னசியில ஹிக்கரி பெண்டுல இருக்கேன். ஞாயித்துக்கிழமை சபையில வாசிப்பேன், அதாவது விட்டா வாசிப்பேன். மத்த நாள்ல வீட்ல வாசிக்கிறது இது. போன தடவை மூஞ்சியைக் காட்டலை, அது சரியில்ல.”

பிறகு வாசித்தாள். முதல் வீடியோ அளவுக்கு வேகம் இல்லை. சில இடங்களில் கை தடுமாறியது. ஆனால் பாதிக்குமேல் அவளுடைய முகம் மாறுவதைப் பார்க்கலாம். புருவம் தளர்ந்து, உதடு ஒரு பக்கமாகக் கோணி, சிரிப்பை அடக்குகிறவள்போல ஆகிவிடுகிறாள். நாங்கள் யாரும் பார்த்திராத முகம் அது. இத்தனை வருஷம் எங்கள் கண் மூடியிருந்தபோது அவள் முகம் மேடையில் இப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

டாயல் வந்ததும் இருவருமாக அதை ஏற்றினார்கள். பழையதை எடுக்கலாமா என்று அவன் கேட்டான். இருக்கட்டும் என்றாள்.

புதன்கிழமை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஹார்லன் நடுவில் நின்று, இது தன் தங்கை விஷயம், பேச மட்டும் இடம் கொடுப்பேன், முடிவு உங்களுடையது என்றார். ஒலீட்டா எழுந்தார். கைப்பையை இறுகப் பிடித்தபடி, முன்பு பாஸ்டரிடம் சொன்னதையே சொன்னார். காரையும் குழந்தையையும் பற்றிச் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது.

அவர் உட்கார்ந்ததும் லீமன் எழுந்தார்.

“நான் அதைப் பாத்தேன்” என்றார்.

“உங்க மச்சான் பாத்தாருன்னு சொன்னாங்க” என்றார் ஒலீட்டா.

“எனக்கு மச்சான் கிடையாது சிஸ்டர்.”

“தெரியும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தோம். லீமனின் கழுத்து சிவந்துவிட்டது, ஆனால் உட்காரவில்லை. “கடையைச் சாத்தினப்புறம் நான் தெனமும் அந்த மாதிரிப் பாட்டு கேக்கறேன். ரொம்ப வருசமா. டயரைக் கழட்டுற கம்பியால தாளம் போட்டுக்கிட்டே கேப்பேன். சிஸ்டரை மேடையிலேருந்து எறக்கினா என்னையும் எறக்கணும். அவங்களாவது மூஞ்சியைக் காட்டிட்டாங்க. நான் மச்சானைக் காட்டினேன்.”

அதன்பிறகு ஹார்லன் வெல்டாவைப் பார்த்தார். அவள் எழுந்து, ஒலீட்டாவின் பக்கம் திரும்பிப் பேசினாள்.

“சிஸ்டர், நீங்க கார்ல உக்காந்திருந்தது எனக்குத் தெரியாது. உங்களுக்கு அந்தத் தாளம் அப்படித்தான் கேக்கும், அதை நான் மாத்த முடியாது. ஒளிச்சு வாசிச்சதுக்கு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். வாசிச்சதுக்குக் கேக்க மாட்டேன். அது எனக்குக் கர்த்தர் குடுத்த அதே விரலு.”

வெல்டா மேடைக்குத் திரும்பலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் தூக்கினோம். ஒலீட்டா தூக்கவில்லை.

அவர் இரண்டு மாதம்போல எங்கள் பக்கம் வரவில்லை. வேறு ஊர்ச் சபைக்குப் போய்வந்தார். வெல்டா அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொன்னதில்லை. வெல்டா போனபோது வெயிலாக இருந்தது, திரும்பியபோது வாசல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பாத்திரம் காலியாக இருந்தது. புது வருஷத்தில் ஒலீட்டா வந்தார். முதல் வரிசையில் அல்ல, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வெளியே போகும்போது மேடைப் பக்கம் நின்று, “அந்த ரெண்டாவது பாட்டை அவ்வளவு இழுக்காதே, எனக்கு மூச்சு பத்தலை” என்று வெல்டாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரியில், பஞ்செல்லாம் போய் வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஒரு சனிக்கிழமை, லீமனின் பிக்கப் வண்டி கிரச்சர் வீட்டுக்குப் பின்னால் வந்து நின்றது. இறங்கியவர் புதுச் சட்டை போட்டிருந்தார். டிரம்ஸில் ஒன்றை மட்டும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“எங்க உக்காரணும்?”

“எங்க வேணும்னாலும் உக்காருங்க” என்றாள் வெல்டா. “வேகமாப் போனா பின்னாலயே வந்துருவீங்களா?”

“சபையில உன்னைப் பிடிச்சு இழுத்து நிறுத்துறதே நான்தான். இங்க யாரு யாரை நிறுத்தறாங்கன்னு பாப்போம்.”

டாயல் ஏணிமேல் ஏறிக் கேமராவைச் சரிபார்த்தான். இருவரும் சட்டத்துக்குள் வரவில்லை, லீமனின் முழங்கை வெளியே நின்றது. நாற்காலியை நகர்த்தச் சொன்னான். நகர்த்தினார்கள். வெல்டா கட்டைவிரலில் பிளாஸ்டிக் நகத்தை மாட்டி, தந்திகளை ஒருமுறை சுருதி பார்த்தாள்.

“ஓடுதா டாயல்?”

“ஓடுது கண்ணு.”

லீமன் குச்சியால் நாலு தட்டுத் தட்டினார்.